வட்டிஞானியின் ஐந்தாவது கடிதம்

பால் விலை ஏறினால் ஊரார் ஒரு நாள் முணுமுணுப்பார்கள். பேருந்துக் கட்டணம் ஏறினால் இரண்டு நாள். கடல் கடந்த ஏதோ ஒரு பெரிய நாட்டில் வட்டி கால் சதவீதம் ஏறுமா இறங்குமா என்று சோறு இறங்காமல் காத்திருந்தது அந்த ஒரு வருஷம்தான். காரணம், வட்டிஞானி.

அவருக்குத் தாடி கிடையாது, சடை கிடையாது. சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் காலணி, கழுத்துப்பட்டி. கடவுள் பெயரை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. "பணக்கார நாடுகளின் மத்திய வங்கிகள் மூச்சு விடுவது என் காதில் விழுகிறது" என்பார். அவ்வளவுதான். படித்தவர்களுக்குப் படித்தவர் மாதிரி ஓர் ஆசாமி கிடைத்துவிட்டார். மந்திரவாதி காலில் விழுந்தால் கேவலம், கோட்டுப் போட்டவர் காலில் விழுந்தால் பொருளாதாரம்.

ஞானம் அவருக்கு ஒரு சுழல் நாற்காலியில் வரும். கண்ணை மூடி உட்கார்வார். சற்று நேரத்தில் நாற்காலி தானாக வலப்பக்கம் சுற்றும், பிறகு இடப்பக்கம் சுற்றும், பிறகு நின்றுவிடும். கூட்டம் வாயைப் பிளக்கும். மேசைக்குக் கீழே அவருடைய கால் கட்டைவிரல் என்ன வேலை செய்தது என்று குனிந்து பார்த்தவர் யாரும் இல்லை. நம் ஆட்கள் ஞானிகளின் முன்னால் குனிவது காலில் விழுவதற்கு மட்டும்தான்.

வட்டி ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்பதை நாற்காலி சொல்லாது. அது கடிதத்தில் வரும். வெளிர்நீலத்தில் கெட்டித் தாள், ஓரத்தில் தங்க ரேகை, மேலே மெழுகு பூசியது போல ஒரு மினுமினுப்பு. உள்ளே ஒரு நாட்டின் பெயர், அங்கே வங்கி கூடுகிற தேதி, கீழே ஒரே ஒரு சொல். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: 'தனியாகப் படிக்கவும். பிறர் கண் பட்டால் எழுத்து மாறும்.'

இந்தக் காலத்தில் தபாலா, கைபேசியில் அனுப்பினால் என்ன என்று ஒரு பக்தர் கேட்டாராம். அலைவரிசையில் வாக்கின் வீரியம் கெட்டுவிடும் என்று பதில் வந்ததாம். கைபேசியில் வந்தால் அடுத்த நிமிஷமே பத்துப் பேருக்குப் போய்விடும் என்பது என் பதில். என்னை யார் கேட்டார்கள்?

நான்கு கடிதங்கள் வந்தன. நான்கும் இலவசம். பெரிய நாட்டில் வட்டி ஏறும் என்றது முதல் கடிதம், ஏறியது. தீவு நாட்டில் அப்படியே இருக்கும் என்றது இரண்டாவது, இருந்தது. குளிர் நாட்டில் இறங்கும், இறங்கியது. மறுபடியும் பெரிய நாடு, மறுபடியும் பலித்தது. அதே நாட்களில் தொலைக்காட்சியில் நிபுணர்கள் காலையில் ஏறும் என்று சொல்லி, மாலையில் ஏன் இறங்கியது என்று அதே கழுத்துப்பட்டியோடு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்த கண்ணுக்கு வட்டிஞானி தெய்வமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

அப்படித் தெரிந்தவர்களில் ஒருவர் நம் லிஃப்ட்காரர். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டவை. பழுது பார்த்து முடித்தால் உடனே ஆளை ஏற்ற மாட்டார். எட்டுப் பேர் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் பத்துத் தரம் ஓட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்து விடுவார். முதலாளி கத்தினாலும் சரி, மணி பன்னிரண்டு ஆனாலும் சரி. அந்த மனிதர்தான், மணல் மூட்டை எதையும் ஏற்றிப் பார்க்காமல், தன் குடும்பத்தையே வட்டிஞானியின் கூண்டில் ஏற்றத் துணிந்தார்.

குடும்பம் என்றால் அவரும் மனைவியும், இரண்டு அறை வீடும். ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் திரைச்சீலை தைத்துத் தைத்தே அந்த வீட்டு விலையில் பாதியைக் கட்டியவள் மனைவி. பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்திரத்தை வட்டிஞானியின் 'உலகக் கடன் நிதி'யில் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

நிதியின் தத்துவத்தை லிஃப்ட்காரர் மனைவிக்கு விளக்கினார். "ஒரு நாட்டுல அரை சதவீதத்துக்குக் கடன் குடுக்கிறான். இன்னொரு நாட்டுல ஒன்பது சதவீதத்துக்குக் கடன் வாங்குறான். இங்க வாங்கி அங்க குடுத்தா நடுவுல எட்டரை நமக்கு. என்னிக்கு ஏறும், என்னிக்கு இறங்கும்னு தெரிஞ்சாப் போதும். ஐயாவுக்குத் தெரியும்."

"அந்த ஒன்பது குடுக்கிறவன் ஏங்க ஒன்பது குடுக்கிறான்? அவனும் அந்த அரைக்கே வாங்கிக்கலாமே?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. ஒருவன் ஊரில் இல்லாத வட்டி தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றால், இவனுக்கு வேறு யாரும் கடன் தரவில்லை போலிருக்கிறது என்று கதவைச் சாத்துவோம். அதையே ஒரு நாடு செய்தால் கதவைத் திறந்து நாற்காலியும் போடுவோம். பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் வாங்குகிறவனைத் தெருவில் போக்கிரி என்பார்கள். மாளிகையில் உட்கார்ந்து செய்தால் அதற்கு நிதிக்கொள்கை என்று பெயர். லிஃப்ட்காரருக்கு மனைவியின் கேள்வி பிடிக்கவில்லை. "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றார். தனக்கும் புரியவில்லை என்பதை இப்படித்தான் கணவன்மார் சொல்வது வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியின் தங்கை வந்தாள். பழைய பேப்பர்க் கடை வைத்திருப்பவள். தராசு, கோணி, கத்தரிக்கோல், இவைதான் அவள் உலகம். எதையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்கிறவள், வாய்க்கும் அஞ்சாதவள். வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். நான்கு சட்டங்கள் மாட்டியிருந்தன. நான்கிலும் எழுத்து சுவரைப் பார்க்க, வெறும் முதுகு வீட்டைப் பார்த்தது. பிறர் கண் படக்கூடாதே, அதற்காக.

"என்ன அத்தான், வெறும் தாளை மாட்டி வச்சிருக்கீங்க?"

"அது வெறும் தாள் இல்ல. வாக்கு."

அவள் கிட்டப் போய்க் கண்ணாடி மேல் விரலை வைத்து ஓரத்துத் தங்க ரேகையைப் பார்த்தாள். "அட, இந்தச் சனியனா? நாலு மாசமா என் உயிரை வாங்குது."

அவள் கடையில் வரும் காகிதத்தை வகை பிரித்துத்தான் ஆலைக்கு அனுப்ப வேண்டும். மினுக்குத் தாள் கலந்தால் கூழ் கெட்டுவிடும் என்று ஆலைக்காரன் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான். ஒரு தரம் அப்படித் திரும்பி வந்து, லாரி வாடகை அவள் தலையில் விழுந்தது. அதிலிருந்து இந்த நீலத் தாளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனிக் கோணியில் போட்டுவந்தாள். யார் எழுதியது, என்ன எழுதியது என்றெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. எவன் இப்படி ஊர் முழுக்க மினுக்குத் தாளை இறைக்கிறான் என்று திட்டிக்கொண்டே போட்டாள்.

"எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு கோணி நிறைஞ்சு கட்டி வச்சிருக்கேன். ரெண்டாவது பாதி."

அக்கா தையலை நிறுத்தினாள். அவள் முகத்தில் அப்போதே பயம் வந்துவிட்டது. அவளுக்குப் பொருளாதாரம் தெரியாது, தன் வீட்டுக்காரரைத் தெரியும்.

மறுநாள் காலை தங்கை கோணியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாள். அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து தேதி வாரியாகப் பிரித்தார்கள். முதல் தேதிக்குப் பெரிய குவியல். இரண்டாவதற்கு அதைவிடச் சின்னது. மூன்றாவது அதைவிடச் சின்னது. நான்காவது ஒரு கைப்பிடி. ஒவ்வொரு குவியலிலும் ஒரே நாடு, ஒரே தேதி. ஒன்றில் 'ஏறும்'. ஒன்றில் 'இறங்கும்'. ஒன்றில் 'அப்படியே இருக்கும்'. எல்லாவற்றிலும் அதே அச்செழுத்து, அதே தங்க ரேகை.

"பாருங்க அத்தான். எல்லாத்தையும் எழுதி எல்லாருக்கும் போட்டிருக்கான். தப்பா வந்தவங்க தூக்கிப் போட்டுட்டாங்க. சரியா வந்தவங்க சட்டம் போட்டு மாட்டிட்டாங்க."

லிஃப்ட்காரர் ஒரு கடிதத்தை எடுத்தார், படித்தார், கீழே போட்டார். அவர் முகம் கொஞ்சம் ஆடியது. ஆனால் வட்டிஞானி இதற்கெல்லாம் முன்கூட்டியே மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்.

"எழுத்து மாறியிருக்கு. நம்பிக்கை இல்லாதவன் கையில போனா மாறிடும்னு ஐயா சொல்லியிருக்கார். போதாக்குறைக்கு உன் கண்ணு வேற பட்டிருக்கு."

"அச்சடிச்ச எழுத்து எப்படி மாறும் அத்தான்?"

"மாறினதாலதானே இப்படி இருக்கு? மாறலைன்னா எல்லாம் ஒண்ணா இருந்திருக்கும்ல?"

இந்தத் தர்க்கத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? திருடன் தன் கைரேகையையே தான் வரவில்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிற கதை. தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"புது லிஃப்ட்ல மூட்டை ஏத்தாம என் அக்காவை ஏத்துவீங்களா?" என்றாள் கடைசியாக.

"அது இரும்பு. இது நம்பிக்கை."

அன்று மாலை, பத்திரத்தை ஒப்படைக்கச் சம்மதம் என்ற தாளில் மனைவி கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்காதீர்கள். "முப்பத்தொரு வருஷத்துல நான் பார்த்த ஒரு லிஃப்டாவது விழுந்திருக்கா? என்னை நம்ப மாட்டியா?" என்று அவர் கேட்டார். விழுந்ததில்லை என்பது உண்மை. அழுதுகொண்டே போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையில் மூக்கைச் சிந்தினாள். ஹோட்டல்காரனுக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது மாடி அரங்கில் மூச்சு முட்டும் கூட்டம். நான்கு கடிதமும் பலித்த நூறு பேர் முன் வரிசைகளில். அவர்களுடைய அக்கா தங்கை, மாமன் மச்சான் எல்லாரும் பின்னால். லிஃப்ட்காரருக்கு இடப்பக்கம் பேக்கரிக்காரம்மா, தன் இரண்டு கடைகளின் பத்திரத்தோடு. வலப்பக்கம் கணக்கு வாத்தியார், ஓய்வூதியப் பணம் மொத்தத்தோடு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தவர் அந்த வாத்தியார். காசைச் சுண்டினால் பூவா தலையா என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வைத்தவர். வகுப்பைவிட்டு வெளியே வரும்போது சாக்குக்கட்டியோடு அதையும் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

முறை இதுதான். பெயரைக் கூப்பிடும்போது மேடைக்குப் போய்ப் பத்திரத்தையோ பணத்தையோ வைக்க வேண்டும். வட்டிஞானி அதைத் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல உறையை எடுத்துக் கொடுப்பார். அதுதான் ஐந்தாவது கடிதம். பல நாடுகள் சேர்ந்து ஒரே பணம் வைத்திருக்கிற கூட்டுக்காரர்களின் வங்கி வரும் புதன்கிழமை கூடுகிறது. வட்டி என்ன ஆகும் என்பது உள்ளே. இடத்துக்குத் திரும்பி, தனியாகப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூறு பேரும் கொடுத்து முடித்தார்கள். பெட்டி மூடிக்கொள்ள மறுத்தது. வட்டிஞானி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நன்றியுரைக்கு எழுந்தார். அப்போது பின்வரிசையில் பேப்பர்க்காரி கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். இங்க முன்னால இருக்கிற நூறு பேரும் நம்பிக்கை உள்ளவங்கதானே?"

"நூற்றுக்கு நூறு. அதனால்தான் நான்கும் பலித்தது."

"அப்ப இவங்க கையில எழுத்து மாறாது."

"மாறவே மாறாது, அம்மா."

"அப்படின்னா எல்லாருக்கும் ஒரே வாக்குதான் வந்திருக்கணும். யாரும் யாருக்கும் காட்ட வேண்டாம் ஐயா, உங்க விதி விதிதான். கடிதம் பையிலயே இருக்கட்டும். 'ஏறும்'னு வந்தவங்க மட்டும் எழுந்து நிக்கட்டும். உங்க மகிமையைக் கண்ணாலே பார்த்துட்டுப் போறோம்."

வட்டிஞானி சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "அது தேவையில்லை. வாக்கைச் சோதிப்பது..."

அவர் முடிக்கவில்லை. லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். கொழுந்தியாள் நேற்றுக் கூடத்தில் கொட்டிய அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அவள் மூக்கை உடைக்க இதைவிட நல்ல சமயம் ஏது? "விதியை மீறலையே ஐயா. எனக்கு ஏறும்னு வந்திருக்கு. நான் நிக்கிறேன். எல்லாரும் எழுந்திருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். முழு விசுவாசத்தோடு சொன்னார். அன்று அந்த அரங்கில் வட்டிஞானியை அவரைப் போல நம்பியவர் வேறு யாரும் இல்லை, அதனால்தான் சோதனைக்கு அவர் பயப்படவில்லை.

நாற்காலிகள் கரகரத்தன. வாத்தியார் எழுந்தார். அங்கே ஒருவர், இங்கே இருவர். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரம்மா உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவரும் அப்படியே. நின்றவர்கள் முப்பத்துநான்கு பேர்.

"எழுந்திருங்கம்மா" என்றார் லிஃப்ட்காரர்.

"நான் ஏன் எழுந்திருக்கணும்? எனக்கு இறங்கும்னுல வந்திருக்கு."

"சரி, அவங்க உட்காரட்டும். 'இறங்கும்' எழுந்திருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முப்பத்துமூன்று பேர். "இப்ப 'அப்படியே இருக்கும்'." மிச்சம் முப்பத்துமூன்று பேர்.

 இந்த இடத்தில் கூட்டம் மேடைமேல் பாய்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. ஒரு நிமிஷத்தில் அங்கே மூன்று மதங்கள் பிறந்தன. ஏறுவோர் இறங்குவோரைப் பார்த்து, நம்பிக்கையில்லாத நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள் என்றார்கள். இறங்குவோர், எழுத்து மாறியது உங்கள் கையில்தான் என்றார்கள். இருப்போர் இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரம்மா வாத்தியாரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். நூறு பேரில் ஒருவருக்குக்கூட மேடையில் இருப்பவர் ஞாபகம் வரவில்லை.

லிஃப்ட்காரர் மட்டும் அசையாமல் நின்றார். எட்டுப் பேர் எடை ஏற்றியதும் கயிறு நழுவும் சத்தம் அவருக்குப் பழக்கம். அது இப்போது அவர் காதில் கேட்டது.

பேப்பர்க்காரி முன்னால் வந்து வாத்தியாரைக் காலரிலிருந்து விடுவித்தாள். "வாத்தியாரே, ஒரு கணக்குப் போடுங்க. இங்க நூறு பேர். நாலாவது கடிதத்தை மூணு விதமா எழுதியிருந்தா எத்தனை பேருக்குப் போட்டிருக்கணும்?"

"முந்நூறு" என்றார் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

"மூணாவது?"

"தொள்ளாயிரம்."

"ரெண்டாவது?"

"ரெண்டாயிரத்து எழுநூறு." குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"முதல் கடிதம்?"

"எட்டாயிரத்து நூறு."

"நம்ம ஊர்ல வீட்டுவரி கட்டுற வீடு ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்ச எட்டாயிரம் பேர் வீட்டுக் கடிதத்துல ஒன்றரைக் கோணி என் கடையில கிடக்கு. எடை போட்டு வாங்கினது. நீங்க நூறு பேரும் ஞானத்தால உள்ள வரலை. சலிச்சதுல மிஞ்சினவங்க."

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். நாற்காலி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே மூன்று ரப்பர் வளையங்கள், மூன்று துண்டுச் சீட்டுகள்: ஏ, இ, அ. மகானுக்கு முழுச் சொல் எழுதக்கூடச் சோம்பல்.

"லிஃப்ட்ல போறான்" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் படிக்கட்டில் கீழே ஓடியது. லிஃப்ட்காரர் மேலே ஓடினார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பதினொரு வருஷம் பார்த்தவர் அவர். இயந்திர அறைச் சாவி கதவு நிலைக்கு மேல் எந்த இடுக்கில் இருக்கும் என்பது அவருக்கும் காவலாளிக்கும் மட்டும் தெரியும். உள்ளே போய் விசையை இழுத்தார். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்படியே இருந்தது.

பழைய மாதிரிக் கம்பிக் கதவு லிஃப்ட் அது. மூன்றாவது மாடியில் நின்றவர்களுக்கு மகானின் தலை தெரிந்தது, இரண்டாவது மாடியில் நின்றவர்களுக்குக் காலணி தெரிந்தது. போலீஸ் வரும்வரை அந்த நிலையிலேயே அவர் ஒரு கடைசிச் சொற்பொழிவு ஆற்றினார். பயத்தில் ஏட்டுத் தமிழ் போய்ச் சொந்தத் தமிழ் வந்துவிட்டது.

"டிவியில கோட்டுப் போட்டுக்கிட்டு வாரத்துக்கு மூணு தடவை தப்பு தப்பா சொல்றான். அவனுக்குச் சம்பளம் குடுக்கிறீங்க. நாடே திவாலாகுற அளவுக்குக் கடன் வாங்குறவனுக்கு ஓட்டுப் போடுறீங்க. நான் உங்க நூறு பேருக்கும் நாலு தடவை சரியா சொன்னேன். என்னைப் போய்ப் பிடிக்கிறீங்களே."

பாதி நியாயம் அவர் பக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி பெட்டிக்குள் இருந்தது. கைவிசையால் லிஃப்டை இரண்டாவது மாடிக்கு இறக்கிவிட்டு ஓடி வந்த லிஃப்ட்காரர் முதலில் பெட்டியைத்தான் பார்த்தார். பெட்டியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், பெயர் கேட்டுக் கேட்டு ஒவ்வொருவரிடமாகக் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் பத்திரத்தை வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, மன்னிச்சுடு என்றார். அவள் பத்திரத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீடு வரை அப்படியே வந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் புதன்கிழமை என்று ஒன்று வருமே, வந்தது. கூட்டுக்காரர்களின் வங்கி கூடியது. வட்டியைக் கால் சதவீதம் ஏற்றியது.

வியாழக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம். கணக்கு வாத்தியார் நின்றார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பையிலிருந்து ஐந்தாவது கடிதம் எட்டிப் பார்த்தது.

"பார்த்தீங்களா? ஏறிடுச்சு. எனக்கும் உங்களுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. அன்னிக்குக் கூட்டத்துல அவசரப்பட்டுட்டோம். இப்ப ஏறுவோர் எல்லாரும் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறாங்க. ஆறாவது வாக்கு கேட்கணும். நான் திரும்பி வந்த என் பணத்தை மறுபடி அவர்கிட்டயே ஒப்படைக்கணும்னு இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிட்டேன். நீங்களும் வாங்க."

உள்ளே தையல் இயந்திரம் நின்றது. மனைவி திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரருக்கு ஆசை வந்தது. ஐந்துக்கு ஐந்து. ஒரு வேளை தன்னிடம் மட்டும் ஏதோ இருக்கிறதோ, நூறு பேரில் தான்தான் அசலோ என்று ஒரு குரல் காதோரம் கூப்பிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அரை நிமிஷம் நின்றார். பிறகு வெட்கப்பட்டார்.

"வாத்தியாரே, அன்னிக்கு நாம முப்பத்துநாலு பேர் எழுந்து நின்னோம். நேத்து வட்டி இறங்கியிருந்தா, இந்நேரம் அந்த பேக்கரிக்காரம்மா நல்ல புடவை கட்டிக்கிட்டு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கிட்டு இருப்பாங்க. நீங்க வீட்டுல படுத்திருப்பீங்க. எது நடந்தாலும் ஒருத்தர் கதவைத் தட்டத்தான் போறாங்க. அப்படித்தான் எழுதியிருக்கான்."

"இருக்கலாம். ஆனா நமக்குப் பலிச்சிருக்கே?"

"மூணையும் எழுதி வச்சா ஒருத்தருக்காவது எப்படிப் பலிக்காம போகும்?"

வாத்தியார் யோசிப்பது போல ஒரு கணம் நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வரிசை நீளமாயிடும். நான் வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். உள்ளே தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று ஸ்டேஷன் வாசலில் முப்பத்துமூன்று பேர் நின்றார்கள். எல்லாரும் படித்தவர்கள், நாலு பேர் மதிக்கிறவர்கள், பெருக்கல் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தவர்கள். பலித்ததைக் காட்டி உங்களிடமும் ஒருவன் வருவான். கோட்டுப் போட்டும் வருவான், போடாமலும் வருவான். பலிக்காதது எத்தனை என்று அவனைக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் பரவாயில்லை, முப்பத்துநான்காவது ஆளுக்கு வரிசையில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.